சம்மட்டி மேயர்

1931இல் நியூயார்க் நகரத்தில் தாமஸ் ஃபார்லி என்றொரு ஷெரீஃப் இருந்தார். ஆறு ஆண்டுகளில் அவர் வங்கியில் போட்டிருந்த பணம் மூன்றரை லட்சம் டாலருக்கு மேல். அந்த ஆறு ஆண்டுச் சம்பளத்தையும் கூட்டிப் பார்த்தால் ஒரு லட்சத்தைத் தொடாது. நகர ஊழலை விசாரித்துக்கொண்டிருந்த சாமுவேல் சீபரி என்ற முன்னாள் நீதிபதி அவரைக் கூண்டில் ஏற்றி, மீதிப் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டார். வீட்டில் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது, அதிலிருந்து எடுத்தேன் என்றார் ஷெரீஃப். அதென்ன, மாயப் பெட்டியா என்றார் சீபரி. ஆமாம், அற்புதமான பெட்டி என்று ஒப்புக்கொண்டார் ஷெரீஃப்.

ஊரை அப்போது ஆண்டுகொண்டிருந்தது டாம்மனி ஹால். பெயருக்கு அது ஜனநாயகக் கட்சியின் உள்ளூர் அமைப்பு. செயலில், நகரம் முழுக்க மாமூல் வசூலித்துப் பங்கு பிரிக்கும் கூட்டுறவுச் சங்கம். ஏழைக் குடும்பத்துக்குக் குளிர்காலத்தில் நிலக்கரி வரும், பண்டிகைக்கு வான்கோழி வரும், பையன் போலீசில் மாட்டிக்கொண்டால் வட்டத் தலைவர் வந்து மீட்டுக்கொண்டு போவார். கைமாறாக ஓட்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதன் தலைவர் ட்வீட் ஒரே ஒரு கோர்ட் கட்டிடத்துக்கு ஒரு கோடி டாலருக்கு மேல் கணக்கெழுதிக் காட்டினார். அவர் சிறையிலேயே செத்தார். கட்டிடம் இன்னும் கம்பீரமாக நிற்கிறது. அவருக்குப் பின் வந்த பிளங்கிட் என்ற இன்னொரு பெரியவர் கொஞ்சம் தத்துவவாதி. நேர்மையான ஊழல், நேர்மையற்ற ஊழல் என்று இரண்டு வகை உண்டு, நான் செய்தது முதல் வகை என்று விளக்கம் கொடுத்தார். பூங்கா எங்கே வரப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு, அந்த நிலத்தை வாங்கிப் போடுவதுதான் அந்த முதல் வகை.

1926இல் டாம்மனி மேயராக உட்கார வைத்த ஜிம்மி வாக்கர் இதையெல்லாம் ஒரு கலையாகவே வளர்த்தார். பாட்டு எழுதுவார், ஒரு நாளில் பல முறை உடை மாற்றுவார், காலையில் எழுந்திருப்பது அவர் கொள்கைக்கு விரோதம். தன் சம்பளத்தை 25,000 டாலரிலிருந்து 40,000 ஆக்கிக்கொண்டார். அதை ஒருவர் கேள்வி கேட்டபோது, இது மலிவு, நான் முழு நேரமும் வேலை பார்த்தால் எவ்வளவு ஆகும் என்று யோசித்துப் பாருங்கள் என்றார். ஊரே கைதட்டியது. 1929 தேர்தலில், கேள்வி கேட்ட அந்த ஆளை ஏறத்தாழ ஐந்து லட்சம் ஓட்டு வித்தியாசத்தில் மண்ணைக் கவ்வ வைத்தார்.

மண்ணைக் கவ்வியவர் பெயர் ஃபியோரெல்லோ லாகார்டியா. உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம். உருண்டை உடம்பு, கீச்சுக் குரல், தலையைவிடப் பெரிய கௌபாய் தொப்பி. இத்தாலிய மொழியில் அந்தப் பெயருக்குச் சின்னப் பூ என்று அர்த்தமாம். பக்கத்தில் போனவர்கள் எவரும் அப்படி நினைத்ததாகத் தகவல் இல்லை.

1882 டிசம்பர் 11 அன்று நியூயார்க்கில் பிறந்தார். அப்பா அக்கில்லே இத்தாலியர், அமெரிக்கப் பட்டாளத்தில் பேண்டு மாஸ்டர். அம்மா ஐரீன், ட்ரியெஸ்டே நகரத்து யூதக் குடும்பத்துப் பெண். பையன் வளர்ந்ததோ அரிசோனாவின் பிரெஸ்காட் என்ற ஊரில், ராணுவ முகாமுக்குப் பக்கத்தில். பெரிய தொப்பி அங்கே பிடித்த பழக்கம். ஒரு நாள் அந்த ஊருக்குக் குரங்கு வைத்துக்கொண்டு கைப்பெட்டி வாத்தியம் வாசிக்கும் ஓர் இத்தாலியர் வந்தார். தெருப் பையன்களுக்குக் கொண்டாட்டம். உன் குரங்கு எங்கேடா என்று ஃபியோரெல்லோவைச் சுற்றி வந்து கேலி செய்தார்கள். பையன் அவமானத்தில் வெந்தான். அப்பாவோ அந்த வாத்தியக்காரரை வீட்டுக்கே அழைத்து வந்து, மக்ரோனி போட்டு, சொந்த ஊர்ப் பாஷையில் பேசித் தீர்த்தார். இதை ஞாபகத்தில் வைத்திருங்கள். நாற்பது சொச்சம் ஆண்டு கழித்து நியூயார்க் நகரத்து வாத்தியக்காரர்கள் அத்தனை பேரும் இந்தக் கேலிக்கு விலை கொடுக்கப் போகிறார்கள்.

1898இல் ஸ்பெயினுடன் சண்டை வந்தது. அப்பா பட்டாளத்தோடு கிளம்ப, பதினைந்து வயதுப் பையன் ஒரு செய்தித்தாளுக்கு நிருபராகச் சேர்ந்து பின்னாலேயே போனான். அப்பாவை வீழ்த்தியது எதிரியின் குண்டு அல்ல. ஒப்பந்தக்காரர்கள் பட்டாளத்துக்கு விற்ற கெட்டுப்போன டப்பா இறைச்சியைத் தின்று நோயில் விழுந்தார். பட்டாளத்திலிருந்து அனுப்பிவிட்டார்கள். 1904இல் இறந்துபோனார். பிற்காலத்தில் மகன் நாடாளுமன்றத்துக்குப் போனதும் கொண்டுவந்த முதல் மசோதாவே, போர்க்காலத்தில் ராணுவத்துக்குக் கெட்ட உணவு விற்பவனுக்கு மரண தண்டனை என்பதுதான். நிறைவேறவில்லை. ஒப்பந்தக்காரர்களுக்கும் நண்பர்கள் உண்டல்லவா?

அதற்கு முன் அவர் பார்த்த வேலைகளில் ஒன்று, ஆஸ்திரிய ஹங்கேரிப் பேரரசின் துறைமுகமான ஃபியூமேயில் அமெரிக்கத் துணைத்தூதரக ஏஜென்ட். குரோஷியாவில் இன்று ரியேகா என்கிறார்கள். அங்கிருந்து குடியேறிகளைக் கப்பல் கப்பலாக அமெரிக்காவுக்கு ஏற்றி அனுப்புவார்கள். அக்கரை சேர்ந்ததும் கண்நோய் இருக்கிறது, காசநோய் இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஏறுவதற்கு முன்பே பரிசோதித்தால் என்ன என்று இந்த இருபது சொச்சம் வயது ஆசாமி கேட்டார். மேலதிகாரிகள் யாரும் கேட்காத கேள்வி. கேட்டதோடு நில்லாமல் செய்தும் காட்டினார். அந்த நாளில் மரியா ஜோசெஃபா என்ற அரச குடும்பத்து அம்மாள் ஊருக்கு வந்தார். ஏழைகள் கப்பல் ஏறுவதை வேடிக்கை பார்க்க அவருக்கு ஆசை. கப்பல் கிளம்ப நாள் இருக்கிறது. அம்மாளுக்காக ஜனங்களை முன்கூட்டியே ஏற்றி, கீழ்த்தளத்தில் அடைத்துவைக்க வேண்டும். துறைமுகமே பூரித்துப்போய்த் தயாராக இருந்தது. இவரோ பரிசோதனைச் சான்றிதழில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். அம்மாள் தன் குடிமக்களை அதிகாரம் செய்யட்டும், அமெரிக்கத் தூதரகத்தை அல்ல என்று சொல்லி அனுப்பினார். அரச குடும்பம் தேநீர் குடித்துவிட்டுக் கலைந்தது. இவருக்குப் பதவி உயர்வு வரவில்லை. 1906இல் ராஜினாமா செய்துவிட்டு ஊர் திரும்பினார்.

குடியேறிகள் வந்திறங்கும் எல்லிஸ் தீவில் பகலெல்லாம் மொழிபெயர்ப்பாளர் வேலை, இரவில் சட்டக் கல்லூரி. இத்தாலியன், ஜெர்மன், குரோஷியன், இட்டிஷ் என்று வாயில் பாஷைகள் அடுக்கடுக்காக இருந்தன. எல்லா பாஷையிலும் கோபம் வரும்.

1914இல் குடியரசுக் கட்சியின் வட்டார மன்றத்தில் வேட்புமனுத் தாள்களை நிரப்பிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தொகுதியில் டாம்மனியை எதிர்த்து ஜெயித்த சரித்திரமே கிடையாது என்பதால், யாருக்கய்யா நாடாளுமன்றத்துக்கு நிற்க ஆசை என்று தலைவர் ஏலம் போடாத குறையாகக் கூவினார். இவர் கையைத் தூக்கினார். பெயரை எழுத உட்கார்ந்த ஆள், சே, எழுத்துக்கூட்ட வருகிற பெயராக ஒருத்தனைப் பிடியுங்களேன் என்று சலித்துக்கொண்டார். வேறு ஆள் கிடைக்கவில்லை. அந்தத் தடவை தோல்வி. 1916இல் ஜெயித்தார், 357 ஓட்டில். தேர்தல் அன்று விடிகாலையில் மலிவு விடுதிகளுக்குப் போய், டாம்மனி ஆட்கள் வருவதற்குள் அங்கே படுத்திருந்தவர்களை எழுப்பி, காபியும் ரொட்டியும் கொடுத்து வாக்குச்சாவடிக்கு ஓட்டிக்கொண்டு போனாராம். சீர்திருத்தவாதிதான். ஆனால் பந்திக்கு முந்தத் தெரிந்த சீர்திருத்தவாதி.

1917இல் போர்ப் பிரகடனத்துக்கு ஆதரவாக ஓட்டுப் போட்டார். போட்ட கையோடு தானே பட்டாளத்தில் சேர்ந்தார். மற்றவன் பிள்ளையை அனுப்ப ஓட்டுப் போட்டுவிட்டு வீட்டில் இருக்க மாட்டேன் என்பது அவர் கட்சி. விமானப் படையில் சேர்த்துக்கொண்டு இத்தாலிக்கு அனுப்பினார்கள். இந்தச் சனியனை எனக்கு மேலே ஏற்றவும் தெரியாது, கீழே இறக்கவும் தெரியாது, நடுவில் ஓட்டத் தெரியும் என்று அவர் தன் விமானத் திறமையைப் பற்றிச் சொன்னதுண்டு. இவர் அங்கே பறந்துகொண்டிருந்த சமயம், தொகுதியில் எம்.பி.யைக் காணவில்லை, இடத்தைக் காலியாக அறிவியுங்கள் என்று சிலர் மனுக் கொடுத்தார்கள். கையெழுத்துப் போட்டவர்களில் யாராவது இங்கே வந்து என் குண்டுவீச்சு விமானத்தில் உட்காரட்டும், நான் அங்கே வந்து மெத்தை நாற்காலியில் உட்காருகிறேன் என்று பதில் போனது. ஒருவரும் வரவில்லை.

1921இல் காசநோய் அவருடைய கைக்குழந்தையையும், சில மாதங்களில் மனைவி தியாவையும் கொண்டுபோனது. அதைப்பற்றி வேடிக்கையாகச் சொல்ல ஒன்றுமில்லை. அதற்குப் பிறகு சேரி வீடுகள் என்ற பேச்சு வந்தாலே அவர் குரல் இன்னும் கீச்சென்று ஏறும்.

அடுத்த ஆண்டு மறுபடி தேர்தல். எதிரே டாம்மனி நிறுத்திய ஹென்றி ஃபிராங்க், யூதர். லாகார்டியா யூத விரோதி என்று தொகுதியில் இருந்த யூத வாக்காளர்களுக்கெல்லாம் அஞ்சலட்டை பறந்தது. என் அம்மாவே யூதப் பெண்தான் என்று ஒரு வரி எழுதினால் முடிந்திருக்கும். அம்மாவைக் காட்டி ஓட்டு வாங்குவதில் அவருக்கு இஷ்டமில்லை. பதிலுக்கு யூதர்களின் இட்டிஷ் பாஷையிலேயே ஒரு பகிரங்கக் கடிதம் எழுதி அடித்தார்: முழுக்க முழுக்க இட்டிஷில் பொது விவாதத்துக்கு வா. பாவம் ஃபிராங்க். அவருக்கு இட்டிஷ் வராது. இவர் 168 ஓட்டில் ஜெயித்தார்.

வாஷிங்டனில் அவர் செய்த கலாட்டாக்களில் எனக்குப் பிடித்தது இரண்டு. முதலாவது ஆட்டுக்கறி. நியூயார்க்கில் கறி விலை ஏறிக்கிடக்கிறதே என்று விவசாய அமைச்சருக்குக் கடிதம் எழுதினார். பதிலாக, ஆட்டிறைச்சியைச் சிக்கனமாகச் சமைப்பது எப்படி என்று ஒரு கையேடு வந்தது. மனிதர் சபையில் எழுந்து நின்றார். கோட்டுப் பையிலிருந்து ஓர் ஆட்டுக்கறித் துண்டை எடுத்து ஆட்டிக் காட்டினார். பிறகு இன்னொரு பையில் கை விட்டு மாட்டுக்கறித் துண்டு. பிறகு இன்னொன்று. எந்தக் கூலிக்காரன் இந்த விலைக்கு இதை வாங்கித் தின்பான் என்று கேட்டார். மாண்புமிகு உறுப்பினர்கள் வாயடைத்து உட்கார்ந்திருந்தார்கள்.

இரண்டாவது பீர். மதுவிலக்கு அமலில் இருந்த 1926ஆம் ஆண்டு, நிருபர்களை எல்லாம் தன் அலுவலகத்துக்கு வரவழைத்தார். சட்டப்படி கடையில் கிடைக்கும் போதையில்லாத பீர் ஒரு பங்கு, மருந்துக்கடையில் டானிக் என்று விற்கும் மால்ட் சாறு இரண்டு பங்கு. கலந்தார், குடித்தார், என்னைக் கைது செய் என்றார். வாஷிங்டன் போலீஸ் வரவில்லை. நியூயார்க்கில் இதைச் செய்தால் பிடிப்போம் என்று ஓர் அதிகாரி மிரட்டியதும் அந்நகரின் ஹார்லெம் பகுதிக்கு வந்து, மருந்துக்கடை வாசலில் கூட்டத்தைக் கூட்டி, மறுபடி கலந்து குடித்தார். ரோந்து வந்த போலீஸ்காரர் இது நம் இலாகா இல்லை என்று நகர்ந்துவிட்டார். நியூயார்க்கில் மதுவிலக்கை நடத்த இரண்டரை லட்சம் போலீஸ் வேண்டும், அந்தப் போலீஸைக் கண்காணிக்க இன்னொரு படை வேண்டும் என்று ஏற்கெனவே கணக்குச் சொல்லியிருந்த ஆள் அவர்.

வெறும் கூத்தாடி என்று நினைத்துவிடாதீர்கள். தொழிற்சங்க வேலைநிறுத்தங்களைக் கோர்ட் உத்தரவு வாங்கி நசுக்கும் முதலாளிகளின் வித்தைக்கு 1932இல் கடிவாளம் போட்ட நாரிஸ்-லாகார்டியா சட்டத்தில் இருப்பது இவர் பெயர்தான். அதே ஆண்டு தொகுதியில் தோற்றும் போனார்.

அதற்குள் சீபரி தகரப் பெட்டிகளைத் திறந்து முடித்திருந்தார். வாக்கர் 1932 செப்டம்பர் முதல் தேதி ராஜினாமா செய்துவிட்டு ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறினார். மிச்சப் பதவிக்காலத்துக்கு டாம்மனி அனுப்பிய மேயர் ஓ'பிரையன் ஒரு சாது. புது போலீஸ் கமிஷனர் யார் என்று நிருபர்கள் கேட்டதற்கு, அதைப்பற்றி எனக்கு இன்னும் தகவல் வரவில்லை என்று உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டார். யூதர் கூட்டம் ஒன்றில், உங்கள் மாபெரும் விஞ்ஞானி ஆல்பர்ட் வைன்ஸ்டைன் என்று ஐன்ஸ்டைனைப் புகழ்ந்தார். 1933 தேர்தலில் டாம்மனி ஓட்டு இரண்டாகப் பிளந்தது. சீர்திருத்தக்காரர்களும் குடியரசுக் கட்சியும் சேர்ந்து நிறுத்திய லாகார்டியா, ஐந்தில் இரண்டு பங்கு ஓட்டில் மேயர் ஆனார். பதவியேற்றதும் நகர மன்றத்துக்கு எதிரே நின்று, ஓசிச் சோறு முடிந்தது என்று இத்தாலிய மொழியில் கத்தினதாகச் சொல்வார்கள்.

இதன் பிறகுதான் சம்மட்டி. ஊரெங்கும் பெட்டிக்கடைகளில் காசு போட்டுச் சூதாடும் இயந்திரங்கள் நின்றன. அவற்றின் அதிபதி ஃபிராங்க் காஸ்டெல்லோ என்ற மாஃபியா பிரமுகர். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் மதியச் சாப்பாட்டுக் காசு வரை விழுங்கும் இயந்திரம் அது. மேயர் என்ற முறையில் தனக்கிருந்த மாஜிஸ்திரேட் அதிகாரத்தைத் தூசி தட்டி எடுத்து, போலீஸ் ஸ்டேஷனிலேயே உட்கார்ந்து வழக்கு விசாரித்தார். பிடித்த இயந்திரங்களைப் படகில் ஏற்றினார்கள். மேயர் கோட்டும் டையுமாகச் சம்மட்டியைத் தலைக்கு மேல் ஓங்கினார். இடது கால் முன்னே, வயிறு அதற்கும் முன்னே, நிருபர்களின் கேமரா எல்லாவற்றுக்கும் முன்னே. நொறுங்கியதெல்லாம் கடலுக்குள் போயிற்று. காஸ்டெல்லோ தன் வியாபாரத்தை நியூ ஆர்லியன்ஸுக்கு மாற்றிக்கொண்டார். ஒரு படம் எடுத்து பேப்பரில் போட்டால் நூறு சோதனைக்குச் சமம் என்று இந்த மனிதருக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

அடுத்தது ஆர்ட்டிசோக். இத்தாலியர்களுக்கு உயிரான ஒரு மொட்டுக் காய் இது. கலிஃபோர்னியாவிலிருந்து வரும் குட்டி ஆர்ட்டிசோக்கை மொத்தமாக வளைத்து, ஊர் வியாபாரிகளை மிரட்டி இஷ்ட விலைக்கு விற்றுக்கொண்டிருந்தார் சீரோ டெர்ரானோவா என்ற தாதா. 1935 டிசம்பர் 21, நடுங்கும் விடியற்காலை. பிராங்க்ஸ் மொத்தச் சந்தையில் வண்டிகள் வந்து நிற்கிற நேரம். இரண்டு போலீஸ்காரர்கள் எக்காளம் ஊதினார்கள். காய்கறி லாரியின் பின்தட்டில் மேயர் ஏறி நின்று, சுருளை விரித்து, பழைய சட்டம் ஒன்றின் பெயரால் இன்று முதல் இந்நகரில் குட்டி ஆர்ட்டிசோக்கை விற்பதும் வைத்திருப்பதும் குற்றம் என்று வாசித்தார். மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர்கள் எப்படி விழித்திருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். சில நாளில் விலை விழுந்தது, தடையும் நீங்கியது. ஆர்ட்டிசோக் இல்லாமல் மேயருக்கே சோறு இறங்கவில்லை என்று ஊர் பேசிக்கொண்டது.

இவரைப் பற்றி உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு கதை வந்திருக்கும். பேரக்குழந்தைகளுக்காக ரொட்டி திருடிய பாட்டிக்கு அபராதம் விதித்து, அதைத் தானே கட்டி, இப்படி ஒரு ஊரில் இருந்ததற்காகக் கோர்ட்டில் உள்ள எல்லாரும் ஐம்பது சென்ட் கட்டுங்கள் என்று தீர்ப்புச் சொன்னார் என்று. நல்ல கதை, கண்ணில் நீர் வரும். ஆதாரம் கேட்டால் மட்டும் எல்லாரும் அடுத்தவரைக் கை காட்டுகிறார்கள். உண்மைச் சம்பவங்களே இவ்வளவு இருக்கும்போது அந்தப் பாட்டியை ஏன் தொந்தரவு செய்ய வேண்டும்?

விமானக் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். 1934 நவம்பரில் அவர் வந்த விமானம் நூவர்க்கில் இறங்கியது. அப்போது நியூயார்க்குக்கான விமானமெல்லாம் அங்கேதான் இறங்கும். மேயர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. டிக்கெட்டில் நியூயார்க் என்று போட்டிருக்கிறது, இது நியூ ஜெர்சி, என்னை என் ஊரில் கொண்டுபோய் விடுங்கள் என்றார். விமானம் அவருக்காக மறுபடி கிளம்பி, புரூக்ளினில் உள்ள ஃபிளாய்ட் பென்னட் தளத்துக்குப் போனது. ஐந்தே ஆண்டில், ரைக்கர்ஸ் தீவின் குப்பையைக் கொட்டிக் கடலை நிரப்பி, நகரத்துக்குச் சொந்தமாக ஒரு விமான நிலையம் எழும்பியது. 1939 அக்டோபரில் திறந்தார்கள். சீக்கிரமே அவர் பெயரையும் வைத்தார்கள். 2014இல் அமெரிக்கத் துணை அதிபர் ஜோ பைடன், இந்த விமான நிலையத்துக்குக் கண்ணைக் கட்டிக் கூட்டி வந்தால் ஏதோ மூன்றாம் உலக நாடு என்றுதான் நினைப்பீர்கள் என்றார். பிறகு இடித்துக் கட்டினார்கள்.

பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். பதில் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட். இருவரும் வேறு வேறு கட்சி. மேயர் வாஷிங்டனுக்கு ரயிலேறி வந்து ஒரு சோகக் கதை சொல்வார், அவரும் அழுவார், நானும் அழுவேன், கண்ணைத் துடைத்துப் பார்த்தால் இன்னும் ஐந்து கோடி டாலரைக் கறந்துகொண்டு போயிருப்பார் என்று அதிபரே சொல்லியிருக்கிறார். அந்தக் காசில் நீச்சல் குளங்கள் வந்தன, 1936 கோடையில் மட்டும் பதினொன்று. ஏழைகளுக்கு நகராட்சிக் குடியிருப்புகள் வந்தன. பாலங்கள் வந்தன. 1940இல் தனியார் சுரங்க ரயில்களை நகரமே வாங்கிக்கொண்டது. வேலைக்கு எடுப்பது வட்டத் தலைவரின் சீட்டில் அல்ல, தேர்வில் என்றாயிற்று. டாம்மனிக்கு வயிற்றில் அடி விழுந்தது அங்கேதான். சம்மட்டி படத்துக்கு, தேர்வுத் தாள் காரியத்துக்கு.

அவரிடம் வேலை பார்ப்பது லேசல்ல. அசட்டுத்தனம் செய்த கமிஷனருக்குப் பளபளவென்று மெருகேற்றிய ஓர் ஆட்டு எலும்பைப் பெட்டியில் வைத்து விருதாகக் கொடுப்பார். பூங்காக்களைக் கட்டிய ராபர்ட் மோசஸ் மட்டும்தான் எதிர்த்து நிற்பவர். சொன்னது நடக்காவிட்டால் ராஜினாமா என்பது மோசஸின் வாடிக்கை. கேட்டுக் கேட்டுச் சலித்த மேயர், ராபர்ட் மோசஸாகிய நான் இந்தப் பதவியிலிருந்து இந்தத் தேதியில் விலகுகிறேன் என்று கோடிட்ட இடம் விட்டு ஒரு கட்டுப் படிவமே அச்சடித்து வைத்துக்கொண்டார். அடுத்த முறை மிரட்டல் வந்ததும் ஒரு தாளைக் கிழித்து நீட்டினார். மேயரை ஜெயித்தவர் என்று பார்த்தால், கடைசியில் மோசஸ்தான். அவரைப் பதவியிலிருந்து இறக்க இன்னும் பல ஆண்டுகளும் பல மேயர்களும் ஆயின.

இனி மறுபக்கம். நேர்மையான ஆட்களிடம் ஒரு கோளாறு உண்டு. தனக்குப் பிடிக்காததெல்லாம் ஊருக்கு ஆகாது என்று நம்பிவிடுவார்கள். பிரெஸ்காட் தெருவில் குரங்குக் கேலியைக் கேட்டு வளர்ந்த பையன், 1936இல் கைப்பெட்டி வாத்தியக்காரர்களின் உரிமத்தை ரத்து செய்தார். பிழைப்புப் போனவர்களில் பெரும்பாலோர் வயதான இத்தாலியர்கள். அப்பாவின் மக்ரோனி விருந்து மகனுக்கு ஞாபகம் வரவில்லை போலும். 1937இல் பர்லெஸ்க் என்ற கவர்ச்சி நாடகக் கொட்டகைகளை மூடினார். 1940இல் மதத்தை விமர்சித்த தத்துவ அறிஞர் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் நகரக் கல்லூரிக்குப் பாடம் நடத்த வரவிருந்தபோது மதவாதிகள் கூச்சல் போட்டார்கள். யாருக்கும் அஞ்சாத மேயர் சத்தமில்லாமல் பட்ஜெட்டில் அந்தப் பதவியின் வரியையே அடித்துவிட்டார். 1942இல் பின்பால் விளையாட்டு இயந்திரத்துக்குத் தடை, அதற்கும் சம்மட்டி. அந்தத் தடை 1976 வரை இருந்தது.

இவையாவது சிரித்துவிட்டுப் போகக்கூடியவை. 1935இல் கறுப்பின மக்கள் அடர்ந்து வாழ்ந்த ஹார்லெமில் கலவரம் வெடித்தது. காரணம் அறிய ஒரு குழு போட்டார். போலீஸ் அடாவடியும் வேலையின்மையும் நாறும் வீடுகளும்தான் காரணம் என்று குழு எழுதிக் கொடுத்தது. மேயர் அறிக்கையை மேசைக்குள் வைத்துப் பூட்டினார். ஒரு கறுப்பினப் பத்திரிகைதான் அதைக் கண்டெடுத்து வெளியிட்டது. 1943இல் ஹார்லெம் மறுபடி எரிந்தது. 1935 கடைசியில் முசோலினி எத்தியோப்பியாவை விழுங்கிக்கொண்டிருந்த நேரம், இத்தாலியச் செஞ்சிலுவைக்கு நிதி திரட்டிய கூட்டத்தில் மேடையேறியவரும் இவரே. இத்தாலிய ஓட்டு பெரிய ஓட்டு. ஹிட்லரிடம் மட்டும் தாட்சண்யம் பார்க்கவில்லை. 1937இல், உலகக் கண்காட்சியில் ஒரு கொடூரக் கூடம் வைத்து அந்தப் பழுப்புச் சட்டை வெறியனின் உருவத்தை நிறுத்த வேண்டும் என்று பேசினார். பெர்லின் பொங்கியது, வாஷிங்டன் வருத்தம் தெரிவித்தது. மேயர் தெரிவிக்கவில்லை.

1937, 1941 என்று மேலும் இரண்டு முறை ஜெயித்தார். போரின்போது ஞாயிறுதோறும் நகராட்சி வானொலியில் பேசுவார். எந்த மீன் மலிவு, எந்தக் கடைக்காரன் ஏமாற்றுகிறான் என்பதெல்லாம் அதில் வரும். 1945 ஜூலையில் பேப்பர் போடுகிறவர்கள் வேலைநிறுத்தம் செய்ய, சித்திரக்கதை இல்லாமல் பிள்ளைகள் வாடுகிறார்கள் என்று தானே டிக் டிரேசி கதையை வானொலியில் படித்துக் காட்டினார். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு குரல், துப்பாக்கிக்கும் ஒரு சத்தம். கடைசியில், குழந்தைகளே, அழுக்குப் பணம் ஒரு நாளும் நன்மை தராது என்று நீதி வேறு.

சரி, வாக்கர் என்ன ஆனார் என்று கேட்கிறீர்களா? ஊர் திரும்பியிருந்த அவரை 1940இல் ஆயத்த ஆடைத் தொழிலின் மத்தியஸ்தராக ஆண்டுக்கு 20,000 டாலர் சம்பளத்தில் நியமித்தார்கள். நியமித்தவர் மேயர் லாகார்டியா. காரணம் எதுவாக இருந்தாலும், வாக்கரின் சிரிப்புக்கு மயங்காத ஆள் நியூயார்க்கில் ஒருவர்கூட இல்லை என்று அன்று நிரூபணமாயிற்று.

நான்காம் முறை அவர் நிற்கவில்லை. 1946இல் ஐக்கிய நாடுகள் நிவாரண அமைப்பின் தலைவராகி, போரில் அழிந்த நாடுகளுக்குச் சோறு அனுப்பினார். அவருடைய சொந்த அக்கா ஜெம்மா ஹங்கேரியில் இருந்தவர். நாஜிகள் பிடித்து ராவென்ஸ்புரூக் வதைமுகாமில் அடைத்திருந்தார்கள். கணவர் மௌத்தௌசன் முகாமில் இறந்தார். போர் முடிந்து பெர்லினில் மகளோடும் பேரனோடும் பட்டினி கிடந்த ஜெம்மா தம்பிக்குக் கடிதம் எழுதினார். லட்சக்கணக்கானவர்கள் வரிசையில் நிற்கிறார்கள், உனக்கு மட்டும் சலுகை கேட்க முடியாது என்று பதில் வந்தது. பணம் அனுப்பினார், சிபாரிசு அனுப்பவில்லை. அக்கா நியூயார்க் வந்து சேர 1947 ஆயிற்று. இது நேர்மையா, பிடிவாதமா என்று என்னால் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. அக்காவாக இருந்து பார்த்தால் ஒருவேளை சொல்லலாம்.

அந்த ஆண்டு செப்டம்பர் 20 அன்று கணையப் புற்றுநோயில் லாகார்டியா இறந்தார். பன்னிரண்டு ஆண்டு நியூயார்க்கை ஆண்டவர் விட்டுப்போன சொத்து, அடமானத்தில் இருந்த ஒரு வீடும் 8,000 டாலர் மதிப்புள்ள போர்ப் பத்திரங்களும். அவருக்குப் பின் டாம்மனியின் ஆதரவோடு மேயரான வில்லியம் ஓ'டுவயர், போலீஸ் மாமூல் விவகாரம் வெடித்து 1950இல் பதவி விலகினார். அவரை மெக்சிகோவுக்கு அமெரிக்கத் தூதராக அனுப்பி வைத்தார்கள்.